கணினிக் கேள்வி பதில்: ஒரே அட்டவணை, இரண்டு உறவுமுறை

இம்முறை ஐந்து கடிதங்களை எடுத்துக்கொண்டேன். எழுதிய ஐவரும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். வெவ்வேறு தொழிலில் இருப்பவர்கள். ஆனாலும் ஐவரும் இடறிய கல் ஒன்றுதான்: ஓ.ஆர்.எம். (தரவுத்தள அட்டவணைகளை நிரலின் பொருள்களாகக் கையாள உதவும் கருவி) வழியாக எழுதும் வினவலில், அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியில், ஒரே அட்டவணையை ஒன்றுக்கு மேற்பட்ட முறை இணைக்க வேண்டிய இடம். நிரல் வரிகளை இந்தப் பக்கத்தின் குறுகிய பத்திகளில் அச்சிட்டால் உடைந்து உருக்குலைந்துவிடும் என்பதால், எதை எங்கே எழுத வேண்டும் என்பதைப் பேச்சாகவே சொல்லியிருக்கிறேன். கணினியின் முன் உட்கார்ந்து படிப்பவர்களுக்கு அது போதும்.

*

கேள்வி: ஐயா, நான் காட்பாடியில் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். புராஜெக்டுக்காக ஜாங்கோவில் (பைத்தான் மொழியில் வலைச் செயலி எழுதும் கட்டமைப்பு) ஒரு ரயில் விசாரணைச் செயலி எழுதிவருகிறேன். 'வண்டி' என்று ஓர் அட்டவணை; 'நிறுத்தம்' என்று இன்னொன்று. நிறுத்தத்தில் வண்டி, நிலையம், வரிசை எண், நேரம் என நான்கு புலங்கள். அரக்கோணத்திலும் ஜோலார்பேட்டையிலும் நிற்கும் வண்டிகள் வேண்டும் என்பதற்காக, இரண்டு நிபந்தனைகளையும் கியூ பொருள்களாக்கி (நிபந்தனையைப் பொதிந்து வைக்கும் ஜாங்கோ பொருள்), 'மற்றும்' குறியால் சேர்த்து, ஒரே ஃபில்டருக்குள் எழுதினேன். ஒரு வண்டிகூட வரவில்லை. நண்பன் சொன்னபடி ஃபில்டரை அடுத்தடுத்து இரண்டு முறை எழுதினேன். வண்டிகள் வந்தன, ஆனால் ஜோலார்பேட்டையிலிருந்து அரக்கோணத்துக்கு வருகிற வண்டிகளும் சேர்ந்தே வருகின்றன. என்ன காரணம்? (காட்பாடி வாசகர்)

பதில்: ஜாங்கோ உங்களை ஏமாற்றவில்லை, நீங்கள் கேட்டதைத்தான் கொடுத்தது. நீங்கள் கேட்டது எது என்பதைப் பார்ப்போம்.

ஒரு வண்டிக்கு நிறுத்தம் அட்டவணையில் நான்கு பதிவுகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: அரக்கோணம் 1, காட்பாடி 2, ஆம்பூர் 3, ஜோலார்பேட்டை 4. வண்டியோடு நிறுத்தத்தை ஒரு முறை இணைத்தால், தரவுத்தளம் அந்த வண்டியின் பெயருக்கு எதிரே ஒவ்வொரு நிறுத்தமாக வைத்து நான்கு பதிவுகளை உண்டாக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியாக உங்கள் நிபந்தனையோடு ஒப்பிடுகிறது. 'நிலையம் அரக்கோணமாக இருக்க வேண்டும், ஜோலார்பேட்டையாகவும் இருக்க வேண்டும்' என்பதை அந்த நான்கில் எதுவுமே நிறைவேற்ற முடியாது, ஏனென்றால் ஒரு பதிவில் ஒரு நிலையம்தான் இருக்கிறது. உங்களுக்கு வேண்டியதோ, ஒரு பதிவு அரக்கோணமாகவும் அதே வண்டியின் வேறொரு பதிவு ஜோலார்பேட்டையாகவும் இருப்பது. 'வேறொரு பதிவு' என்று வாயைத் திறந்துவிட்டாலே நிறுத்தம் அட்டவணையை இரண்டாம் முறை இணைத்தாக வேண்டும். வெறுத்துப்போய் 'மற்றும்' குறியை 'அல்லது' என்று மாற்றிப் பார்க்கிறவர்கள் உண்டு. அப்போது இரண்டில் ஏதாவது ஓர் ஊரில் மட்டும் நிற்கிற வண்டியும் வரும், இரண்டிலும் நிற்பது இரண்டு தடவை வரும்.

ஜாங்கோவின் விதி இதுதான். ஒன்றிலிருந்து பலவற்றுக்குப் போகும் உறவில், ஒரே ஃபில்டருக்குள் எழுதிய நிபந்தனைகள் எல்லாம் ஒரே இணைப்பைப் பகிர்ந்துகொள்ளும். அடுத்த ஃபில்டரைத் தொடர்ந்து எழுதினால் அதற்குப் புதிய இணைப்பு ஒன்று திறக்கப்படும். நண்பர் சொன்ன வழி வேலை செய்ததற்குக் காரணம் இதுவே. ஆனால் பலவற்றிலிருந்து ஒன்றுக்குப் போகும் உறவில், அதாவது நிறுத்தத்திலிருந்து ஃபாரின் கீ (வேறொரு பதிவைச் சுட்டும் சாவி) வழியே வண்டிக்குப் போகும்போது, இந்த வேறுபாடு கிடையாது. ஒரு நிறுத்தத்துக்கு ஒரே வண்டிதான் என்பதால், எத்தனை ஃபில்டர் எழுதினாலும் பழைய இணைப்பே மறுபடி பயன்படும். இந்த இரண்டாவது வகையில் மட்டுமே பழகியவர்கள், ஃபில்டரைப் பிரித்து எழுதுவதும் சேர்த்து எழுதுவதும் ஒன்றுதான் என்று ஆண்டுக்கணக்கில் நம்பிக்கொண்டிருந்துவிட்டு, முதல் வகையில் கால் வைத்ததும் வழுக்கி விழுகிறார்கள்.

இனி திசைக்கு வருவோம். அரக்கோணத்தின் வரிசை எண் ஜோலார்பேட்டையின் வரிசை எண்ணைவிடச் சிறியதாக இருந்தால்தான் வண்டி மேற்கே போகிறது. இரண்டாவது ஃபில்டருக்குள்ளே எஃப் வெளிப்பாட்டை (ஒரு புலத்தின் மதிப்பைச் சுட்டுவது) போட்டு 'நிறுத்தத்தின் வரிசை எண், நிறுத்தத்தின் வரிசை எண்ணைவிடப் பெரியது' என்று எழுதிப் பார்ப்பீர்கள். எந்த நிறுத்தம்? இரண்டு பக்கமும் ஒரே பெயர் இருக்கிறது; ஒரே ஃபில்டருக்குள் இருப்பதால் இரண்டும் ஒரே இணைப்பையே சுட்டும்; ஓர் எண் தன்னைவிடத் தானே பெரியதாக இருக்க முடியாது என்பதால் மறுபடியும் பூஜ்யம்தான் வரும்.

எனக்குப் பிடித்த வழி, வண்டியிலிருந்து தொடங்காமல் ஏறும் நிறுத்தத்திலிருந்தே தொடங்குவது. பயணி நிற்பது நடைமேடையில்தானே. நிறுத்தம் மாடலை (அட்டவணைக்கு நிரலில் இருக்கும் வடிவம்) அடியாக வைத்து, ஒரே ஃபில்டருக்குள் மூன்று நிபந்தனைகளை எழுதுங்கள்: நிலையம் அரக்கோணம்; இந்த நிறுத்தத்தின் வண்டி, அந்த வண்டியின் நிறுத்தங்கள் என்ற பாதையில் போய்ச் சேரும் நிலையம் ஜோலார்பேட்டை; அதே பாதையில் போய்ச் சேரும் வரிசை எண், எஃப் என்று குறித்த இந்த நிறுத்தத்தின் வரிசை எண்ணைவிடப் பெரியது. நிறுத்தத்திலிருந்து வண்டிக்குப் போய், வண்டியிலிருந்து மறுபடி நிறுத்தத்துக்கு இறங்குவதால், ஜாங்கோ தானாகவே அட்டவணையை இரண்டாம் முறை, வேறு பெயரில் இணைத்துக்கொள்கிறது. எஃப் சுட்டுவது அடி அட்டவணையை, நீண்ட பாதை சுட்டுவது இரண்டாவதை, குழப்பத்துக்கு இடமில்லை. ஏறும் நேரம் கையிலேயே இருக்கிறது என்பது உபரி லாபம்.

வண்டியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்றால், ஜாங்கோ 2.0 முதல் ஃபில்டர்டு ரிலேஷன் என்ற வசதி இருக்கிறது. அன்னோடேட்டில் (வினவலோடு கூடுதல் பெயரையோ கணக்கையோ சேர்க்கும் கட்டளை) நிறுத்தம் உறவை இரண்டு முறை அறிவித்து, ஒன்றுக்கு 'ஏறுமிடம்' என்றும் மற்றதற்கு 'இறங்குமிடம்' என்றும் பெயர் வைத்து, அரக்கோணம், ஜோலார்பேட்டை என்ற நிபந்தனைகளை முறையே இரண்டிலும் பொருத்திவிட்டு, பிறகு ஃபில்டரில் ஏறுமிடத்தின் வரிசை எண் இறங்குமிடத்தின் வரிசை எண்ணைவிடச் சிறியது என்று எழுதலாம். படிக்கிறபோதே பொருள் விளங்குகிறது என்பதால் பலர் சேர்ந்து வேலை செய்யும் இடங்களில் இதையே பரிந்துரைப்பேன்.

எந்த வழியில் போனாலும், வினவல் தொகுப்பின் 'கொயரி' என்ற பண்பை ஒரு முறை திரையில் அச்சிட்டுப் பாருங்கள். ஜாங்கோ இரண்டாவது இணைப்புக்கு டி என்ற எழுத்தோடு ஓர் எண்ணைச் சேர்த்து, டி3, டி4 என்பதுபோலப் பெயர் வைக்கும். அந்தப் பெயர் தென்பட்டால் இணைப்பு இரண்டு; தென்படாவிட்டால் ஒன்றுதான். ஊகித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட இது அரை நிமிட வேலை.

ஃபில்டரின் விதி, பதிவுகளை நீக்கும் எக்ஸ்க்ளூடுக்குப் பொருந்தாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் பட்ட இடம் அது. ஆம்பூரில் இரவு பத்து மணிக்கு மேல் நிற்கும் வண்டிகளை நீக்க நினைத்து, நிலையம் ஆம்பூர், நேரம் பத்துக்கு மேல் என்று இரண்டையும் ஒரே எக்ஸ்க்ளூடுக்குள் எழுதினால், இரண்டும் ஒரே பதிவைக் குறித்ததாக ஜாங்கோ எடுத்துக்கொள்வதில்லை. ஆம்பூரில் மாலை நான்கு மணிக்கு நின்றுவிட்டு வேறு ஏதோ ஊரில் இரவு பதினோரு மணிக்கு நிற்கும் வண்டியும் சேர்ந்தே காணாமல் போகும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்த அறிக்கையில் இதே பிழையை விட்டுவிட்டேன். கூடுதலாக வந்திருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள். குறைவாக வந்ததால் மாதக்கணக்கில் யாருக்கும் தெரியவில்லை. இப்போதெல்லாம் இரண்டு நிபந்தனைகளையும் ஓர் உள்வினவலுக்குள் ஒன்றாகக் கட்டி, எக்ஸிஸ்ட்ஸ் ('இருக்கிறதா' என்ற சோதனை) என்பதன் எதிர்மறையாக வெளியே வைத்துவிடுகிறேன்.

*

கேள்வி: ராணிப்பேட்டையில் தோல் பொருள் வணிகம் செய்யும் ஒரு நிறுவனத்துக்கு பில் போடும் மென்பொருளை எஸ்.கியூ.எல். ஆல்கெமியில் (பைத்தானின் இன்னொரு ஓ.ஆர்.எம்.) எழுதுகிறேன். பில் அட்டவணையில் பில் யார் பேரில், சரக்கு எங்கே என்ற இரண்டு ஃபாரின் கீ. இரண்டுமே 'முகவரி' அட்டவணைக்குப் போகின்றன. முகவரியை ஒரு முறை இணைத்து, இரண்டு சாவிகளையும் அதன் நிபந்தனையில் எழுதினேன். பாதிக்கு மேற்பட்ட பில்கள் வரவில்லை. அடுத்தடுத்து இரண்டு முறை இணைத்தால் மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் 1066 என்ற பிழையைத் தருகிறது. அலியாஸ் (மாற்றுப் பெயர்) போடச் சொல்கிறார்கள். அட்டவணை பெரியது, நகல் எடுத்தால் வேகம் குறையாதா? (ராணிப்பேட்டை வாசகி)

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அலியாஸ் என்பது நகல் இல்லை. நம் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகைகளில் ஒரே பெரியவர் பெண்ணுக்குத் தாய்மாமன் என்ற முறையில் ஒரு பத்தியிலும், மாப்பிள்ளைக்குப் பெரியப்பா என்ற முறையில் எதிர்ப் பத்தியிலும் அச்சாகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆள் ஒருவர்தான், பந்தியில் அவருக்கு ஓர் இலைதான். முறை இரண்டாக இருப்பதால் பெயர் இரண்டு இடத்தில் வருகிறது. அலியாஸும் அப்படித்தான்: அட்டவணை வட்டில் ஒரே இடத்தில் இருக்கிறது, வினவலுக்குள் அது ஏற்கும் முறைக்கு ஒரு பெயர், அவ்வளவே. இணைப்பு ஒன்று கூடுவதால் ஆகும் செலவு உண்டு, ஆனால் முதன்மைச் சாவி (பதிவின் தனி அடையாளம்) வழியாகப் போகும் இணைப்புக்கு அது பொருட்படுத்தத் தக்கதாக இருக்காது.

இப்போது உங்கள் முதல் முயற்சியைப் பாருங்கள். ஒரு முறை மட்டும் இணைத்து இரண்டு சாவிகளையும் நிபந்தனையில் வைத்தால், பில்லின் முகவரியும் சரக்கின் முகவரியும் ஒரே முகவரியாக இருக்க வேண்டும் என்று நீங்கள் கட்டளையிட்டதாக ஆகிறது. ராணிப்பேட்டை அலுவலகத்தின் பேரில் பில், சரக்கும் அதே அலுவலகத்துக்கு என்றால் அது வரும். பில் ராணிப்பேட்டைக்கு, சரக்கு பெங்களூருக்கு என்றால் வராது. பிழைச் செய்தி எதுவும் வராமல் கணக்கு மட்டும் சுருங்கும் இந்த வகைத் தவறுதான் எனக்கு அச்சமூட்டுவது. இரண்டாவது முயற்சியில் வந்த 1066, ஒரே பெயர் இரண்டு முறை வந்திருக்கிறது, நீ எதைச் சொல்கிறாய் என்று மைஎஸ்கியூஎல் கேட்பதுதான். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளமும் தன் சொற்களில் இதையே கேட்கும். கேட்கிற தரவுத்தளம் நல்ல தரவுத்தளம்.

செய்ய வேண்டியது: அலியாஸ்டு என்ற ஃபங்க்ஷனை முகவரி மாடலின் மேல் இரண்டு முறை அழைத்து, ஒன்றுக்கு 'பில்முகவரி', மற்றதற்கு 'சரக்குமுகவரி' என்று பெயர் வையுங்கள். ஏ1, ஏ2 என்று வைக்காதீர்கள். ஆறு மாதம் கழித்து எது எது என்று நீங்களே தேடுவீர்கள். பிறகு பில்லை ஒவ்வோர் அலியாஸோடும் அதனதன் சாவி வழியாக இணையுங்கள். இதற்குப் பின் எந்தப் புலத்தைக் குறிப்பிட்டாலும் அலியாஸ் வழியாகவே குறிப்பிட வேண்டும் என்பதுதான் பலர் மறக்கும் இடம். இணைப்பில் அலியாஸைப் போட்டுவிட்டு நிபந்தனையில் பழக்க தோஷத்தால் 'முகவரி' என்ற மூல மாடலையே எழுதினால், எஸ்.கியூ.எல். ஆல்கெமி அதை மூன்றாவது அட்டவணையாக, எதோடும் இணையாமல், வினவலில் சேர்த்துவிடும். ஒவ்வொரு பில்லும் நிபந்தனைக்குப் பொருந்தும் ஒவ்வொரு முகவரியோடும் பெருகும். 1.4 பதிப்பு முதல் இப்படி இணையாமல் தொங்கும் அட்டவணை இருந்தால் எச்சரிக்கை வருகிறது. அந்த எச்சரிக்கையை அணைத்து வைத்திருக்கும் அலுவலகங்களையும் பார்த்திருக்கிறேன்.

மாடலில் உறவுகளை எழுதும்போதும் இதே கேள்வி ஒரு முறை வரும். முகவரிக்கு இரண்டு சாவிகள் இருப்பதால், எந்தச் சாவி எந்த உறவுக்கு என்பதை ரிலேஷன்ஷிப்பில் 'ஃபாரின் கீஸ்' என்ற அளவுரு மூலம் சொல்லாவிட்டால், வழி இரண்டாக இருக்கிறது என்று பிழை சொல்லி நின்றுவிடும்.

சரக்கு முகவரி தனியாகக் குறிப்பிடப்படாத பில்களில் அந்தப் புலம் காலியாக இருக்குமென்றால், சரக்குமுகவரியை அவுட்டர் ஜாயினாக (எதிரே முகவரி இல்லாவிட்டாலும் பில்லை விடாத இணைப்பு) இணையுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பில்கள் உதிர்ந்துவிடும். அப்படி இணைத்துவிட்டு, 'சரக்குமுகவரியின் ஊர் பெங்களூர்' என்ற நிபந்தனையை 'வேர்' (WHERE) பகுதியில் எழுதினால், காலியாக இருப்பவை அந்த நிபந்தனையில் தோற்றுப்போய், நீங்கள் போட்ட அவுட்டர் ஜாயின் வீணாகிவிடும். எல்லாப் பில்களும் வேண்டும், ஆனால் பெங்களூர் முகவரி இருந்தால் மட்டும் காட்ட வேண்டும் என்றால், நிபந்தனையை இணைப்பின் 'ஆன்' (ON) பகுதிக்குள் வைக்க வேண்டும்.

உங்கள் தொழிலில் இது முகவரியோடு நிற்காது. ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலக் குறியீடு: தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகத்துக்கு 29, ஆந்திரத்துக்கு 37. மாநிலங்களைத் தனி அட்டவணையில் வைத்திருந்தால், அதுவும் பில்முகவரி வழியாக ஒரு முறையும் சரக்குமுகவரி வழியாக ஒரு முறையும் இணைய வேண்டும். ஆக இரண்டே அட்டவணைகளுக்கு நான்கு அலியாஸ். ஒருவர் பேரில் பில் போட்டு, அவர் சொல்படி வேறொருவருக்குச் சரக்கை அனுப்பும்போது, வழங்கல் இடமாகக் கொள்ளப்படுவது சொன்னவரின் முதன்மைத் தொழிலிடம். சரக்கு இறங்கிய ஊர் அல்ல. ஐ.ஜி.எஸ்.டி.யா (மாநிலம் தாண்டிய விற்பனைக்கு), சி.ஜி.எஸ்.டி.யும் எஸ்.ஜி.எஸ்.டி.யுமா (மாநிலத்துக்குள் விற்பனைக்கு) என்பது இதை வைத்துத்தான் முடிவாகிறது. இரண்டு மாநில அலியாஸ்களில் தவறானதை எடுத்தால் நிரல் ஒழுங்காக ஓடும், வரி மட்டும் மாறிப்போகும். ராணிப்பேட்டைக்காரர் பேரில் பில், பெங்களூரில் சரக்கு என்று ஒரு மாதிரிப் பில்லை உண்டாக்கி, மாநிலம் 33 என்று வருகிறதா என்பதைச் சோதனையாக நிரலோடு சேர்த்தே வைத்துவிடுங்கள்.

*

கேள்வி: வட்டார வரலாற்றுத் தரவு ஒன்றைத் தொகுக்கிறேன். ஒவ்வோர் ஊருக்கும் பழைய மாவட்டம், இன்றைய மாவட்டம் என்று 'மாவட்டம்' அட்டவணைக்கு இரண்டு ஃபாரின் கீ வைத்தவுடன் ஜாங்கோ இ304 என்ற பிழை காட்டி நகர மறுக்கிறது. (வாணியம்பாடி ஆசிரியர்)

பதில்: ஊரிலிருந்து மாவட்டத்துக்குப் போக இரண்டு பெயர்கள் கொடுத்திருக்கிறீர்கள், மாவட்டத்திலிருந்து ஊருக்குத் திரும்பி வருவதற்கு ஜாங்கோ தானாக வைக்கும் பெயர் இரண்டுக்கும் ஒன்றாகவே இருப்பதால் மோதுகிறது. ஒவ்வொரு சாவிக்கும் ரிலேட்டட் நேம் கொடுங்கள்: 'அன்றைய ஊர்கள்', 'இன்றைய ஊர்கள்' என்பதுபோல. பழையது வேலூர், இன்றையது திருப்பத்தூர் என்று கேட்டால் வாணியம்பாடி வரும். அப்போது ஜாங்கோ மாவட்டம் அட்டவணையைத் தானே இரண்டு முறை இணைக்கும், பாதையே இரண்டாக இருப்பதால் நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம்.

ஆனால் வரலாறு என்று சொல்கிறீர்களே. 1989-இல் வடஆற்காடு இரண்டாகப் பிரிந்தது. 2019-இல் வேலூர் மூன்றாகப் பிரிந்தது. வாணியம்பாடிக்கு ஏற்கெனவே மூன்று அடுக்கு. நடுவில் ஒரே மாவட்டத்தின் பெயர் மாறிய கதையும் இருக்கிறது. 'மிகப் பழைய மாவட்டம்' என்று மூன்றாவது சாவியைச் சேர்க்கப் போகாமல், ஊர், மாவட்டம், தொடங்கிய நாள், முடிந்த நாள் என்ற நான்கு புலங்களோடு தனி அட்டவணை ஒன்றை வைத்துவிடுங்கள். பிறகு '1980-இல் எங்கே, 2020-இல் எங்கே' என்று கேட்கும்போது அந்த அட்டவணையை இரண்டு முறை இணைக்க வேண்டியிருக்கும். காட்பாடி வாசகருக்குச் சொன்னது அப்படியே உங்களுக்கும் பொருந்தும்.

*

கேள்வி: ஆம்பூரில் ஷூ மேற்பகுதி தைக்கும் யூனிட் ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். 'லாட்' அட்டவணையில் தைத்தவர், சரிபார்த்தவர் என்று தொழிலாளர் அட்டவணைக்கு இரண்டு சாவிகள். ஒவ்வொருவரும் எத்தனை லாட் தைத்தார், எத்தனை சரிபார்த்தார் என்று அன்னோடேட்டில் இரண்டு கவுண்ட் போட்டேன். தனித்தனியாகப் போட்டால் சரியாக வருவது, சேர்த்துப் போட்டால் இரண்டு எண்ணும் ஒன்றாகவும் பெரிதாகவும் வருகிறது. (ஆம்பூர் வாசகர்)

பதில்: ஒரு தொழிலாளி மூன்று லாட் தைத்து, நான்கு லாட் சரிபார்த்திருந்தால் உங்களுக்கு 12, 12 என்று வந்திருக்கும். பெருக்கிப் பார்த்தால் தெரியும். தொழிலாளரோடு லாட் அட்டவணை இரண்டு முறை இணைகிறது. தைத்த மூன்றில் ஒவ்வொன்றும் சரிபார்த்த நான்கில் ஒவ்வொன்றோடும் ஜோடி சேர்ந்து பன்னிரண்டு பதிவுகள் ஆகின்றன. இரண்டு கவுண்டும் அந்தப் பன்னிரண்டையே எண்ணுகின்றன. இணைப்புகள் இரண்டும் சரியானவை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு பட்டியல்களை ஒரே வினவலில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியதுதான் சிக்கல்.

கவுண்டுக்கு மட்டும் என்றால் இரண்டிலும் டிஸ்டிங்க்ட் என்ற அளவுருவைக் கொடுத்தால் 3, 4 என்று வந்துவிடும். இதோடு நிறுத்திக்கொள்பவர்கள், அடுத்த மாதம் முதலாளி 'மொத்தம் எத்தனை ஜோடி சரிபார்த்தார்' என்று கேட்கும்போது மாட்டிக்கொள்கிறார்கள். சரிபார்த்த நான்கு லாட்டிலும் 250 ஜோடி வீதம் இருந்தால் சரியான விடை 1000. கூட்டுத்தொகைக்கான சம் போட்டால் மூன்று மடங்காகி 3000 வரும். சம்முக்கும் டிஸ்டிங்க்ட் கொடுத்தால் 250 வரும், ஏனென்றால் அது ஒரே மாதிரி இருக்கும் எண்களை ஒன்றாக்கிவிட்டுத்தான் கூட்டுகிறது, லாட்டைப் பார்ப்பதில்லை. நான்கு லாட்டிலும் வெவ்வேறு எண்ணிக்கை இருக்கும் நாளில் தற்செயலாகச் சரியான விடையும் வந்து உங்களை நம்பவைக்கும்.

ஆகவே இணைப்பையே தவிர்த்துவிடுங்கள். லாட் மாடலில் 'சரிபார்த்தவர் வெளியே இருக்கும் தொழிலாளர்' என்று அவுட்டர் ரெஃப் வைத்து ஃபில்டர் செய்து, சரிபார்த்தவர் வாரியாகத் தொகுத்து, ஜோடிகளைக் கூட்டி, அந்த ஒரே புலத்தை மட்டும் எடுத்து, சப்கொயரி என்று தொழிலாளர் வினவலின் அன்னோடேட்டில் வையுங்கள். தைத்ததற்கும் இதேபோல் இன்னொன்று. இரண்டு உள்வினவல்களும் தனித்தனி அறையில் கணக்குப் போடுவதால் ஒன்றின் பதிவு மற்றதைப் பெருக்காது. ஒரு லாட்கூடச் சரிபார்க்காதவருக்குப் பூஜ்யத்துக்குப் பதில் காலியாக வரும். கோஅலெஸ் போட்டு 0 ஆக்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சம்பளப் பட்டியலில் அந்த இடம் வெறுமையாக அச்சாகி, அதற்கும் உங்களிடம்தான் வந்து கேட்பார்கள்.

*

கேள்வி: எங்கள் ஊரில் லுங்கி நெசவு நடத்துகிறவருக்குப் பணியாளர் அட்டவணை வடிவமைத்தேன். ஒவ்வொருவருக்கும் மேஸ்திரி யார் என்பது அதே அட்டவணையைச் சுட்டும் சாவி. மேஸ்திரிக்கும் மேல் ஒருவர், அவருக்கும் மேல் ஒருவர். எத்தனை முறை இணைப்பது? (குடியாத்தம் வாசகர்)

பதில்: அடுக்கு எத்தனை என்று முன்கூட்டியே தெரிந்தால் அத்தனை முறை. ஜாங்கோவில், சுட்டப்படும் பதிவையும் சேர்த்தே எடுக்கும் செலக்ட் ரிலேட்டடில் 'மேஸ்திரியின் மேஸ்திரி' என்று இரட்டை அடிக்கோட்டால் பாதையை எழுதினால், பணியாளர் அட்டவணை மூன்று பெயர்களில் வந்து இரண்டு இணைப்புகள் உண்டாகும். உச்சியில் இருப்பவருக்கு மேஸ்திரி இல்லை என்பதால் அந்தச் சாவி காலியாக இருக்க அனுமதித்திருப்பீர்கள். அதைப் பார்த்து ஜாங்கோ அவுட்டர் ஜாயினையே போடும், ஆள் உதிர மாட்டார்.

அடுக்கு ஆளுக்கு ஆள் மாறும் என்றால் இணைப்பை எண்ணிக்கொண்டிருப்பதில் பயனில்லை. தன்னைத்தானே மறுபடி அழைக்கும் 'வித் ரிகர்சிவ்' வினவல் வேண்டும். போஸ்ட்கிரெஸ்ஸில் 8.4 பதிப்பிலிருந்தும், மைஎஸ்கியூஎல்லில் 8.0 பதிப்பிலிருந்தும் அது இருக்கிறது. எஸ்.கியூ.எல். ஆல்கெமியில் சி.டி.இ. (பெயரிட்ட உள்வினவல்) என்பதற்கு ரிகர்சிவ் என்ற அளவுருவைக் கொடுத்து, அதற்குள்ளும் பணியாளருக்கு ஓர் அலியாஸ் வைத்து எழுதலாம். ஜாங்கோவில் நேரடி எஸ்.கியூ.எல். எழுதிவிடுவது எளிது. ஒன்றை மட்டும் முன்பே கவனியுங்கள்: யாரோ ஒருவர் அவசரத்தில் ஒரு பணியாளருக்கு அவரையே மேஸ்திரியாகப் பதிந்துவிட்டால், அந்த வினவல் அதே இடத்தில் சுற்றத் தொடங்கிவிடும். உங்கள் தரவுத்தளம் இடம் கொடுத்தால், மேஸ்திரி சாவியும் முதன்மைச் சாவியும் சமமாக இருக்கக் கூடாது என்று அட்டவணையிலேயே ஒரு செக் கன்ஸ்ட்ரெயின்ட் போடுங்கள். ஒருவருக்கொருவர் மேஸ்திரியாக மாறி மாறிப் பதிந்திருப்பதை அது பிடிக்காது என்பதால், வினவலுக்குள் அடுக்கு எண் ஒன்றை வைத்து இருபதைத் தாண்டினால் நிறுத்திவிடுங்கள்.